பன்றிக்கு விஷம்: டெக்சாஸ் வேட்டைக்காரர்களே 'வேண்டாம்' என்றது ஏன்?

ஹெலிகாப்டரில் பறந்தபடியே காட்டுப்பன்றியைச் சுடலாம். இதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் 2011-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். 2017-ல் ராட்சத பலூனில் இருந்து சுடவும் அனுமதி வந்தது. ஆனால் அதே 2017-ல், அதே பன்றிகளுக்கு விஷம் வைக்கலாம் என்று அரசு சொன்னதும் பெரிய சண்டை வெடித்தது. எதிர்ப்பில் முன்வரிசையில் நின்றவர்கள் யார் தெரியுமா? பன்றியைச் சுடுபவர்களும், அதன் கறியை விற்பவர்களும்தான்.

சுட்டா ஓகே, விஷம்னா கூடாதா? விரிவாகப் பார்க்கலாம்.

பன்றி அங்கே எப்படி வந்தது?

அமெரிக்க மண்ணுக்குப் பன்றி சொந்தம் இல்லை. 16-ம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் சாப்பாட்டுக்காகக் கப்பலில் கொண்டுவந்த வீட்டுப் பன்றிகள் தப்பி காட்டுக்குள் போயின. 1930-களில் வேட்டைக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளையும் இறக்கிவிட்டார்கள். இரண்டும் கலந்து இன்று டெக்சாஸில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் இருப்பதாக மதிப்பீடு. மொத்தம் உள்ள 254 கவுன்டிகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கின்றன.

சோளம், நிலக்கடலை விதைத்த அன்று ராத்திரியே வரிசை பிடித்துக் கிளறித் தின்றுவிட்டுப் போகும். சினைக்காலம் நான்கு மாதம்கூட இல்லை. எண்ணிக்கை ஏறாமல் இருக்கவே ஆண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு பன்றிகளை ஒழிக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். துப்பாக்கி, கூண்டு, வேட்டை நாய் எல்லாம் சேர்ந்தும் அந்தக் கணக்கை எட்ட முடியவில்லை.

(நம்ம ஊர் காட்டுப்பன்றி இந்த மண்ணின் விலங்கு, வனச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது. காப்புக்காட்டில் இருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் வனத்துறையே சுடலாம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்ததுகூட 2025 ஜனவரியில்தான். அதனால் டெக்சாஸ் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது.)

மாத்திரையும் அதுதான், எலி மருந்தும் அதுதான்

2017 பிப்ரவரியில் டெக்சாஸ் விவசாய ஆணையர் சிட் மில்லர், 'கபுட்' என்ற விஷத் தீவனத்துக்கு அவசர விதி மூலம் வழிவிட்டார். பன்றிகளின் கதை முடியப்போகிறது என்ற தொனியில் அவர் அறிவிப்பு இருந்தது. ஹெலிகாப்டர் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் இதே மில்லர்தான்.

தீவனத்தில் இருந்த மருந்து வார்ஃபரின். இதய வால்வு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வீட்டில் இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை அது. ஆனால் மனிதனுக்கு மருந்தாகும் முன்பே எலி மருந்தாக விற்பனைக்கு வந்துவிட்டது. அளவு மீறினால் உடம்புக்குள்ளேயே ரத்தம் கசிந்து உயிர் போகும்.

தயாரித்த நிறுவனம் சொன்ன சமாதானங்களும் சும்மா தள்ளக்கூடியவை அல்ல. வார்ஃபரின் அளவு 0.005 சதவீதம்தான், எலி மருந்தில் இருப்பதைவிட ஐந்து மடங்கு குறைவு. தீவனப் பெட்டிக்குக் கனமான மூடி, பன்றி மூக்கால் தூக்கினால்தான் திறக்கும். தின்ற பன்றியின் கொழுப்பு நீல நிறமாகிவிடும், அதனால் கறியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சிக்கல் எங்கே?

அந்த நீல நிறத்தில்தான். பன்றி டெக்சாஸில் பயிர்க்கொல்லி மட்டும் இல்லை, சாப்பாடும்கூட. சுட்ட பன்றியை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமைக்கிறார்கள். உயிரோடு பிடித்ததை இறைச்சி ஆலைக்கு விற்கிறார்கள். ஹெலிகாப்டரில் சுட வருகிறவர்கள் அதற்காக ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள். விஷம் தின்ற பன்றி உடனே சாகாது, சில நாட்கள் நடமாடும். அதற்குள் வேலி தாண்டிப் பக்கத்து நிலத்துக்குப் போயிருக்கும். அங்கே அதைச் சுடுபவருக்கு விஷயம் தெரிவது தோலை உரித்த பிறகுதான். இந்த ஏரியா பன்றியில் விஷம் இருக்கலாம் என்ற பேச்சு கிளம்பினாலே போதும், நல்ல கறியையும் யாரும் வாங்க மாட்டார்கள்.

பன்றி வேட்டைக்காரர் சங்கம் ஆயிரக்கணக்கான கையெழுத்துகளைத் திரட்டியது. ஒரு பன்றி இறைச்சி நிறுவனம் கோர்ட்டுக்குப் போக, மார்ச்சிலேயே அவசர விதிக்கு இடைக்காலத் தடை விழுந்தது. முதலில் ஆய்வு, பிறகுதான் விற்பனை என்ற மசோதாவை, கால்நடை மருத்துவரான உறுப்பினர் லின் ஸ்டக்கி கொண்டுவந்தார். கீழவையில் அது பெரும் ஆதரவுடன் நிறைவேறியது. ஏப்ரல் மாதமே நிறுவனம் டெக்சாஸில் பதிவை வாபஸ் வாங்கியது.

இதில் விவசாயியின் குரல்தான் அமுங்கிப்போனது என்று தோன்றுகிறது. வேட்டைக்காரருக்குப் பன்றி குறைந்தால் நஷ்டம், விவசாயிக்குக் கூடினால் நஷ்டம். கறி பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் பன்றி நிறைய இருக்கட்டும் என்று நினைக்கிறவர்களுக்கும் அந்த பயம் வசதியாகப் போனது.

பன்றி படும் வேதனை? உள்ளுக்குள் ரத்தம் கசிந்து நாட்கணக்கில் சாவது கொடூரம் என்று விலங்கு நல அமைப்புகள் சொன்னன. வார்ஃபரினைப் பன்றிகளிடம் சோதித்துப் பார்த்த ஆஸ்திரேலியாவிலும் இதே விமர்சனம் எழுந்தது. டெக்சாஸ் சண்டையில் இது பின்வரிசை வாதமாகவே நின்றது.

வேறு விஷம் இல்லையா?

இருக்கிறது. இறைச்சி கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் நைட்ரைட்தான் அது. அதிகமாகப் போனால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும், பன்றி சில மணி நேரத்திலேயே செத்துவிடும். கறியில் விஷம் தங்கும் பிரச்சனையும் குறைவு. 2018-ல் அமெரிக்க விவசாயத் துறை இதை டெக்சாஸில் சோதித்தது. பன்றிகள் செத்தன. ஆனால் அவை மென்று சிந்திய துணுக்குகளைப் பொறுக்கித் தின்ற பறவைகளும் கூட்டமாகச் செத்தன. சோதனையை நிறுத்திவிட்டு, துணுக்கு சிந்தாத தீவனம் செய்ய முடியுமா என்று பார்க்கப் போனார்கள்.

இப்போது என்ன நிலை?

2024-ல் கபுட் திரும்பி வந்தது. டெக்சாஸ் விவசாயத் துறை அனுமதி கொடுத்துவிட்டது, அதே வார்ஃபரின்தான். பூச்சிக்கொல்லி உரிமம் வைத்திருப்பவர்கள் மட்டுமே வாங்கலாம், பன்றி மட்டுமே திறக்கும் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. உரிமம் கேட்பது வைக்கிறவரிடம். பக்கத்து நிலத்தில் பன்றி சுடுகிறவருக்கு அடையாளம் இப்போதும் அந்த நீலக் கொழுப்பு ஒன்றுதான்.