நம் கண் எத்தனை மெகாபிக்சல்?

புது போன் வாங்கினால் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'கேமரா எத்தனை மெகாபிக்சல்?' சரி, நம் கண் எத்தனை மெகாபிக்சல்?

'576' என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு அடிக்கடி சுற்றும். ராஜர் கிளார்க் என்ற விஞ்ஞானி போட்ட கணக்கு அது. ஒரு பெரிய காட்சியைக் கண்ணைச் சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பதை வைத்துச் சொன்னது. ஒரே பார்வையில் கண் அவ்வளவையும் பிடித்துவிடாது.

கையை நீட்டி, கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அளவு இடம்தான் ஒரு நேரத்தில் துல்லியமாகத் தெரியும். சுற்றியிருப்பது எல்லாம் மங்கல்தான். கண் ஓயாமல் அங்கும் இங்கும் ஓடுகிறது. கிடைத்ததை ஒட்டிச் சேர்த்து முழுப் படமாக்குவது மூளை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கேமரா சென்சார் முழுக்க பிக்சல்கள் இருக்கும். ஆனால் விழித்திரையில் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. அதற்குப் பெயர் குருட்டுப்புள்ளி.

நம்ப முடியவில்லையா? வெள்ளைத்தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதற்கு வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி ஒரு சின்னப் புள்ளி போடுங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெதுவாக அருகில் கொண்டுவாருங்கள். சுமார் 30 செ.மீ. தூரத்தில் புள்ளி காணாமல் போகும். அந்த இடம் கறுப்பாகவும் தெரியாது. காகிதத்தின் வெள்ளையையே மூளை அங்கும் பூசிவிடும்!

ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. கிளாகோமா எனும் கண் அழுத்த நோயில் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பாதிக்கப்படுகிறது. பெரும்பாலும் வலி இருக்காது. ஓரப்பார்வை குறைந்துகொண்டே வந்தாலும், ஒரு கண்ணின் குறையை மறு கண் ஈடுகட்டும். மிச்சத்தை மூளை நிரப்பிவிடும். தெரியவரும்போது பாதிப்பு முற்றியிருக்கலாம். இழந்த பார்வை திரும்பாது. சீக்கிரம் கண்டுபிடித்தால், சொட்டு மருந்து போன்ற சிகிச்சைகளால் இருப்பதைக் காப்பாற்றலாம்.

எனவே 40 வயதைத் தாண்டியவர்கள், குறிப்பாக அப்பா, அம்மா, உடன்பிறந்தோருக்கு இந்த நோய் இருப்பவர்கள், கண்ணாடி பவரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். 'எனக்குத்தான் நல்லா தெரியுதே' என்று அம்மா சொன்னாலும் கூட்டிக்கொண்டு போங்கள்.