கடற்கொள்ளையனுக்கு எந்தப் பட்டு?

தலையில் சிவப்புத் துணி, காதில் தங்க வளையம், இடுப்பில் பளபளக்கும் பட்டுக் கச்சை. கடற்கொள்ளையன் என்றதும் நம் மனதில் வந்து நிற்கும் ஆள் இவர்தான். ஆனால், இந்த உருவம் பெரும்பாலும் ஹோவர்ட் பைல் என்ற அமெரிக்க ஓவியரின் கைவண்ணம். அவர் இறந்தது 1911-ல். நிஜக் கொள்ளையர்கள் கரீபியன் கடலைக் கலக்கியது 1690-களிலிருந்து 1720-கள் வரை. பைலின் படங்களிலிருந்து ஹாலிவுட் எடுத்துக்கொண்டது. ஹாலிவுட்டிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டோம்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதை ஏற்காத ஒரு கூட்டம் இருக்கிறது. பழைய காலத்தை அப்படியே உடுத்தி நடித்துக் காட்டும் 'ரீஎனாக்டர்'கள். பட்டன் துளையைக் கையால் தைத்தீர்களா, மெஷினிலா என்று குனிந்து பார்க்கிற ரகம். இவர்களைப் பயமுறுத்தும் துணி பட்டு. காரணம், விலை. ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய பிறகு, 'இது அந்தக் காலத்துப் பட்டே இல்லையே' என்று ஒருவர் சொன்னால் வயிறு எரியாதா?

எனவே கடைக்குப் போகும் முன் ஒரு கேள்வி. நீங்கள் யார்? பாய்மரம் ஏறும் சாதாரண மாலுமி என்றால் கம்பளியும் லினனும் கேன்வாஸும்தான். பட்டு என்றால் கழுத்தில் ஒரு கைக்குட்டை, தொப்பியில் ஒரு ரிப்பன். அவ்வளவே. கேப்டன் என்றால் கதை வேறு.

வேல்ஸ் நாட்டுக்காரர் பார்த்தலோமியூ ராபர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1722 பிப்ரவரி 10 அன்று, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் கேப் லோபஸ் அருகே பிரிட்டிஷ் போர்க்கப்பலோடு நடந்த சண்டையில் இறந்தார். 1724-ல் லண்டனில் வெளியான கொள்ளையர் வரலாற்று நூல், அன்று அவர் அணிந்திருந்ததைச் சொல்கிறது: கருஞ்சிவப்பு டமாஸ்க் பட்டில் வெயிஸ்ட்கோட்டும் முழங்கால் வரையிலான கால்சட்டையும், தொப்பியில் சிவப்பு இறகு, வைரச் சிலுவை தொங்கும் தங்கச் சங்கிலி, தோளில் பட்டு வாரில் தொங்கும் கைத்துப்பாக்கிகள். சாகப் போகிற நாளில் மாப்பிள்ளை அலங்காரம்! அவர் விருப்பப்படியே, அந்த உடையோடு உடலைக் கடலில் போட்டுவிட்டார்களாம்.

டமாஸ்க் என்பது வேறொன்றுமில்லை, நம் ஜவுளிக்கடையில் 'செல்ஃப் டிசைன்' என்பார்களே, அதுதான். ஒரே நிறத்தில் பூ நெய்திருக்கும். வெளிச்சம் படும்போதுதான் தெரியும். கேப்டன் வேடத்துக்கு இதை நம்பி எடுக்கலாம். பூ பெரிதாக இருக்கட்டும். பொடிப் பூ வேண்டாம்.

டமாஸ்க் கிடைக்காவிட்டால் டஃபட்டா. காகிதம் போல் விறைப்பாக, நடந்தால் சரசரக்கிற மெல்லிய பட்டு. அதில் ஊடும் பாவும் இரண்டு நிறமாக இருந்தால் இன்னும் நல்லது. 'மயில் கழுத்து' என்று நாம் சொல்லும் அந்த மாறும் நிறத்துக்கு அன்றைய ஐரோப்பாவிலும் ஏக மவுசு.

எதை எடுக்கக் கூடாது? 'ரா சில்க்' என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும், முடிச்சு முடிச்சாக இழை தெரிகிற டூப்பியான். இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய கூட்டிலிருந்து வரும் நூல் என்பதால் அந்தக் கரடுமுரடு. 'கைத்தறி அழகு' என்று நாம் இன்று கொண்டாடுகிறோம். 1710-ல் ஒரு லண்டன் தையற்காரரிடம் காட்டியிருந்தால் மட்டமான நெசவு என்று திருப்பி அனுப்பியிருப்பார். ஜார்ஜெட்? அது 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. சாட்டின் அந்தக் காலத்தில் உண்டு, ஆனால் இன்று சாட்டின் என்று விற்பதில் பெரும்பகுதி பாலியஸ்டர். இரண்டு இழையை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனையும் நொறுங்கும் சாம்பலும் வந்தால் பட்டு. உருகி மணி போல் இறுகினால் பிளாஸ்டிக். பிள்ளைகள் தனியாகச் செய்ய வேண்டாம்.

நிறத்திலும் கவனம். 1856-ல் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடிக்கும் வரை, சாயங்கள் பெரும்பாலும் செடி, பூச்சியிலிருந்து வந்தவை. ராபர்ட்ஸின் சிவப்பு போன்ற சாயங்களுக்கு மெக்சிகோவின் கள்ளிச்செடியில் வளரும் காச்சினீல் பூச்சி; நீலத்துக்கு அவுரி. கண்ணைப் பறிக்கும் பிங்க்கைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

இந்தியப் பட்டு அணியலாமா? இங்கேதான் ருசியான விஷயம். உள்நாட்டு நெசவாளர்களைக் காப்பாற்ற, 1701 முதல் இந்திய, சீன, பாரசீகப் பட்டுகளை இங்கிலாந்தில் அணிய சட்டம் தடை போட்டது. வரும் சரக்கு கிடங்கில் பூட்டப்பட்டு, வெளிநாடுகளுக்கும் காலனிகளுக்கும் ஏற்றுமதியானது. 1719-ல் லண்டன் நெசவாளர்கள் இந்தியப் பருத்தியான காலிகோ அணிந்த பெண்களைத் தெருவில் துரத்தி, உடுத்திய துணியைக் கிழித்தார்கள். வயிற்றுப்பாடு அவர்களுக்கு. ஆக, லண்டன் சீமாட்டி பயந்து பயந்து பெட்டியில் வைத்த துணியை, ஜமைக்காவில் ஒரு கொள்ளையன் ஜம்மென்று போட்டுக்கொண்டு திரிந்திருக்கலாம். கோழிக்கோட்டின் பெயரால் வந்த அந்தக் காலிகோவைப் பட்டப்பெயராகவே சுமந்தவர்தான் காலிகோ ஜாக். 1720-ல் ஜமைக்காவில் தூக்கிலிடப்பட்டார்.

வில்லியம் கிட் நேராக நம் பக்கமே வந்துவிட்டார். 1698 ஜனவரியில் கேரளக் கரைக்கு அப்பால் அவர் பிடித்த கப்பலில் பட்டும் மஸ்லினும் சர்க்கரையும் அபினியும் இருந்தன. ஒரு பகுதியை அந்தக் கரையிலேயே விற்றுக் காசாக்கினார். அவருக்கும் 1701-ல் லண்டனில் தூக்கு.

குறைந்த செலவில் வேடம் போடுபவர்களுக்கு என் சிபாரிசு, கழுத்துக்கு ஒரு பட்டுக் கைக்குட்டை. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து, வெள்ளைப் புள்ளி விழுந்த வங்காளப் பட்டுக் கைக்குட்டைகள் 18-ஆம் நூற்றாண்டில் கப்பல் ஏறின. 'பந்தானா' என்ற ஆங்கிலச் சொல்லே நம் 'பாந்தினி' வழி வந்தது. மாங்காய் டிசைன் மட்டும் கூடாது. அது பிற்கால மோஸ்தர்.

காலுறையை மறந்துவிடாதீர்கள். 1717 ஏப்ரலில் அமெரிக்காவின் கேப் காட் அருகே புயலில் மூழ்கிய 'விடா' என்ற கொள்ளைக் கப்பலை 1984-ல் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து ஒரு சின்னத் தோல் காலணியும் ஒரு பட்டுக் காலுறையும் ஒரு கால் எலும்பும் கிடைத்தன. எலும்பு 8 முதல் 11 வயதுக்குள் உள்ள சிறுவனுடையது என்றார்கள் ஆய்வாளர்கள். ஜான் கிங் என்ற பையனாக இருக்கலாம் என்கிறார்கள். முந்தைய ஆண்டு அம்மாவோடு வேறு கப்பலில் போய்க்கொண்டிருந்தவன், கொள்ளையர்கள் ஏறியதும் அவர்களோடு போவேன் என்று அடம்பிடித்துப் போனவன்.