கோயில்ல பழகினவங்க சொன்னாங்கன்னு காசு போடாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

நம்ம அன்னதானத்துக்குக் காய் வெட்டுற அக்கா ஒருத்தர் ரெண்டு மாசமா கோயிலுக்கு வரல. போன ஞாயிறு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். இபிஎஃப்ல எடுத்த 18,000 ரிங்கிட்டை கிரிப்டோன்னு சொல்லிப் போட்டு, எல்லாம் போச்சு. "காசு போனதுகூடப் பரவாயில்ல தம்பி. நான் சொல்லி நம்ம கோயில்ல மூணு பேர் போட்டாங்க. அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"னு அழுதாங்க. அவங்க அனுமதியோடதான் இதை எழுதுறேன்.

முதல்ல 500 ரிங்கிட்தான் போட்டிருக்காங்க. பத்து நாள்ல 80 ரிங்கிட் பேங்க்ல உண்மையாவே வந்திருக்கு. அந்த 80தான் தூண்டில் புழு. அதைக் காட்டித்தான் மத்தவங்ககிட்டயும் சொன்னாங்க. அக்கா பொய் சொல்லல, வந்த காசைத்தான் காட்டினாங்க. இவனுங்களுக்கு விளம்பரமே தேவையில்ல, நம்மளே போதும்.

அப்புறம் போன்ல ஒரு ஆப். அதுல 18,000 வளர்ந்து 41,000 ஆச்சு. எடுக்கப் போனா, "முதல்ல 15 விழுக்காடு டேக்ஸ் கட்டுங்க"ன்னு மெசேஜ். நான் ஃபேக்டரில 30 வருஷமா லைன் பார்க்கிறவன். மெஷின் கவுண்டர்ல 800 பீஸ்னு காட்டும், பெட்டியைத் திறந்தா ஒண்ணும் இருக்காது. அப்போ கவுண்டரை நம்புவோமா, பெட்டியை நம்புவோமா? அந்த ஆப் வெறும் கவுண்டர். நம்பரை அவனே போடுறான். காசு அனுப்பின அக்கவுண்ட்டும் ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள் பேர்ல. அதைப் பார்த்தப்பவே நிறுத்தியிருக்கணும்.

படிச்சவங்களும் இப்படி ஏமாந்திருக்காங்க. ஒன்காயின்னு ஒண்ணு 2014-ல ஆரம்பிச்சாங்க. சொந்தக்காரங்க, கூட்டாளிங்க மூலமாத்தான் பரவுச்சு. உலகம் பூரா 400 கோடி அமெரிக்க டாலர் போச்சு. நடத்துன ருஜா இக்னாதோவா 2017-ல காணாமப் போனவங்கதான். 2022-ல எஃப்பிஐ அந்தம்மாவைத் தேடப்படும் பத்துப் பேர் பட்டியல்ல சேர்த்துச்சு.

கிரிப்டோன்னாலே மோசடின்னு நான் சொல்லல. நம்ம நாட்டுல செக்யூரிட்டிஸ் கமிஷன்ல பதிவு பண்ண எக்ஸ்சேஞ்ச்கள் இருக்கு. ஆனா அங்கயும் விலை ஏறும், இறங்கும். மாசம் இத்தனை உறுதின்னு எவனும் சொல்ல முடியாது. கமிஷனோட வெப்சைட்ல எச்சரிக்கைப் பட்டியலும் இருக்கு, பாருங்க. அக்கவுண்ட் நம்பரை போலீஸோட செமாக்மியூல்ல தட்டிப் பாருங்க. அதுல ஒண்ணும் வரலன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல, இன்னும் யாரும் புகார் பண்ணாம இருக்கலாம்.

காசு போயிட்டா உடனே 997-க்கு போன் பண்ணுங்க, பேங்குக்கும் சொல்லுங்க, போலீஸ் ரிப்போர்ட் போடுங்க. அக்கா வெக்கப்பட்டு மூணு வாரம் சும்மா இருந்துட்டாங்க. "போன காசை மீட்டுத் தர்றேன், ஃபீஸ் மட்டும் கட்டுங்க"ன்னு வர்றவனும் அதே கூட்டம்தான்.

இதுல என் தப்பும் இருக்கு. அந்த லிங்க்கை அக்கா நம்ம குரூப்ல போட்டப்ப எனக்குச் சந்தேகம் வந்துச்சு. கேட்டா மனசு கஷ்டப்படுவாங்களேன்னு விட்டுட்டேன். இனிமே யார் போட்டாலும், தலைவரே போட்டாலும், கேட்பேன். முதலீட்டு மெசேஜ் எதுவும் குரூப்ல வேணாம்னு நிர்வாகத்தையும் கேட்டுக்கிறேன்.

காசு போட்ட அந்த மூணு பேருக்கும் ஒரு வார்த்தை. உங்க கோபம் நியாயம். ஆனா அக்கா உங்ககிட்ட கமிஷன் வாங்கல, அவங்களும் ஏமாந்தவங்க. நாலு பேரும் ஒண்ணா ஸ்டேஷனுக்குப் போங்க, நான் லீவு போட்டு கூட வர்றேன்.

அக்கா, வெள்ளிக்கிழமை வந்துடுங்க. காய் வெட்ட ஆள் பத்தல.