பச்சை திரும்பினால் காடு திரும்பிவிட்டதா?

2015ஆம் ஆண்டின் புகைமூட்டம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது இடைநிலைப்பள்ளி மாணவனாக இருந்த எனக்கு அது விடுமுறை. மழை வந்தது, வானம் தெளிந்தது. புகையை நினைவில் வைத்துக்கொண்டோம், காட்டை மறந்துவிட்டோம்.

புகை வரும்போதெல்லாம் இரண்டே கேள்விகள் கேட்கிறோம். யார் கொளுத்தியது? எப்போது அடங்கும்? எரிந்த காடு என்னவாயிற்று என்ற மூன்றாவது கேள்வியை எவரும் கேட்பதில்லை. "காடுதானே, தானாக முளைத்துக்கொள்ளும்" என்றார் என் நண்பர் ஒருவர். இது பாதி உண்மை. பாதி உண்மை என்பதாலேயே ஆபத்தானது.

போர்னியோவின் கிழக்குக் கலிமந்தானைப் பாருங்கள். 1982-83 எல் நினோ வறட்சியில் அங்கு 30 இலட்சம் ஹெக்டருக்கும் மேல் எரிந்தது. 1997-98இல் சுமார் 50 இலட்சம் ஹெக்டர். மழைக்காட்டு மரங்கள் பலவற்றுக்குப் பட்டை மெல்லியது. முழங்கால் உயரத் தீ மெல்ல ஊர்ந்து சென்றாலே போதும், மரம் பட்டுவிடும்.

தீ அணைந்த ஓராண்டிலேயே பச்சை திரும்பிவிடும். மண்ணுக்குள் உறங்கும் மஹாங் விதைகள் வெயில் பட்டதும் விழித்துக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் காடுதான். ஆனால் மெராந்தி எங்கே? அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பெருமளவில் பூக்கும். அதன் விதை மண்ணில் காத்திருக்காது. சில வாரங்களில் முளைக்க வேண்டும், இல்லையேல் அழுகிவிடும். சிறகு இருந்தும் பெரும்பாலும் தாய்மரத்தை விட்டு வெகுதூரம் பறக்காது. தாய்மரமே கருகிவிட்டால்?

ஒருமுறை எரிந்த காட்டுக்கு நம்பிக்கை உண்டு. பிழைத்த மரங்கள் துளிர்க்கும், நிழல் திரும்பும், பல பத்தாண்டுகளில் காடு மெல்ல மீளும். இரண்டாவது தீதான் எமன். செத்த மரங்கள் விறகாய்க் கிடக்க, திறந்த கூரை வழியே வெயில் இறங்க, அடுத்த வறட்சியில் எல்லாம் மீண்டும் பற்றிக்கொள்ளும். பிறகு வருவது லாலாங். என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் லாலாங் வெட்டியவர். மேலே வெட்டினாலும் எரித்தாலும் அது மண்ணுக்குள்ளிருந்து திரும்ப வரும் என்பது அவருக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். அந்தப் புல்லே அடுத்த தீக்கும் தீனி.

1998 தீக்குப்பின் துணைக்கோளப் படங்களை ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? அண்மையில் மரம் வெட்டப்பட்ட காடுகளே மிகுதியாக எரிந்தன. வெட்டப்படாத காடுகள் பெரும்பாலும் தப்பின. வறட்சி தீக்குச்சியை நீட்டியது. கதவைத் திறந்துவிட்டது இரம்பம்.

இங்கேதான் நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்டுதோறும் மரம் நடுகிறோம், படம் எடுக்கிறோம், நற்சான்றிதழ் பெறுகிறோம். மண்வெட்டி பிடித்தவர்களில் நானும் ஒருவன். நடுவது தவறென்று சொல்லவில்லை. தாய்மரமே மிஞ்சாத இடத்தில் அவ்வூர் மரங்களை நடத்தான் வேண்டும். ஆனால் எரிந்த காட்டுக்கு முதல் மருந்து கன்று அன்று, காவல். மறுபடி தீ அண்டாமல் காப்பது, எஞ்சிய தாய்மரங்களை வெட்டாமல் விடுவது, கரிச்சதுப்பு நிலங்களில் நீரை வடிக்கும் கால்வாய்களை அடைத்து மண்ணை ஈரமாக வைத்திருப்பது. இவற்றுக்குத் திறப்பு விழா இல்லை, படமும் இல்லை. அதனால்தான் இவை நம் கண்ணில் படுவதில்லை.

நம்மிடையே நாளைய சட்ட வல்லுநர்களும் பொறியியலாளர்களும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அடுத்த புகைமூட்டத்தின்போது அந்த மூன்றாவது கேள்வியை அவர்கள் கேட்கட்டும். மழை வந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

அதற்கு முன் நம் செயற்குழுவுக்கு ஒரு சிறு வேண்டுகோள். இவ்வாண்டு புதுக் கன்று வாங்குமுன், சென்ற ஆண்டு நட்டவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணி வருவோமா?