லேத் பட்டறைக்கு வந்த துப்பாக்கிக் குழாய்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஓசூரில் சின்ன லேத் பட்டறை வைத்து, கம்பெனிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கிறான்.

"சார், அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து எங்க மாமா நாட்டுத் துப்பாக்கி ஒண்ணு கொண்டு வந்திருக்கார். குழாயை உள்ளே சீரா கடைஞ்சு கொடுத்தா குறி தப்பாதாம். வெளிநாட்டுல தோட்டாவையே வீட்ல தயார் பண்றாங்களே, யூடியூப்ல பாத்தேன். நாம குழாய் கடைஞ்சா மட்டும் தப்பா சார்?"

இயற்பியல் வாத்தியாரிடம் கேட்டுவிட்டான். பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

வெளிநாட்டில் அதைச் செய்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம். அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்ப்பார்கள். மருந்து கூடக்குறைய இருந்தால் குண்டின் வேகம் மாறும். வேகம் மாறினால் தூரத்தில் குண்டு மேலேயோ கீழேயோ போய்விழும். குண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். ரொம்பக் கடினமான குண்டு மிருகத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். ரொம்ப மென்மையானது தோள் எலும்பிலேயே சிதறிவிடும். இத்தனை பாடும் எதற்கு? ஒரே குண்டில் உயிர் போக வேண்டும், மிருகம் துடிக்கக் கூடாது என்பதற்கு. அங்கே வேட்டைக்கு உரிமமும் சட்டமும் உண்டு.

நம் பக்கத்தில் நடப்பது என்ன? மருந்து உள்ளங்கை அளவு. குண்டுக்குப் பதில் பால்ரஸ். குழாயில் புரி கிடையாது. குண்டு சுழலாமல் போகும், போகிற திசைக்கு உத்தரவாதம் இல்லை. குழாயை எவ்வளவு சீராகக் கடைந்தாலும் இது மாறாது.

அழுத்தக் கணக்கையும் பாருங்கள். கார் டயரில் சுமார் 30 பி.எஸ்.ஐ. வேட்டைக்காரர்களிடம் பிரபலமான .30-06 ரைஃபிள் தோட்டாவுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 60,000 பி.எஸ்.ஐ. இரண்டாயிரம் மடங்கு! நாட்டுத் துப்பாக்கியில் அவ்வளவு வராது என்பது சரி. ஆனால் எவ்வளவு வருகிறது என்று அளந்தவர் யார்? தேய்ந்த குழாயை இன்னும் கடைந்தால் சுவர் இன்னும் மெலிசாகும். வெடித்தால் அது சுடுகிறவன் முகத்துக்கு முன்னால்தான் வெடிக்கும்.

பல வருஷங்களுக்கு முன்னால் என் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு வாரம் வரவில்லை. சோளக்காட்டில் காவலுக்குப் போன அப்பாவுக்குத் துப்பாக்கி வெடித்து மூன்று விரல் போய்விட்டது. அந்த வாரம் நான் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தது அழுத்தம் பாடம். கரும்பலகையில் சூத்திரம் எழுதினேன். அவர்கள் வீட்டுப் பரணில் இருந்த குழாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

சிலர் கென்னத் ஆண்டர்சன் பெயரை இழுப்பார்கள். நம் ஜவளகிரி புலிக்கதையை எழுதியவர். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். 300 கிரெய்ன் குண்டு நொடிக்கு சுமார் 670 மீட்டர் வேகத்தில் போகும். அப்படிப்பட்ட காலத்திலேயே காயம்பட்டுத் தப்பிய மிருகங்கள்தான் பெரிய தலைவலி. 1907-ல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிச் சூட்டில் உடைந்தவை, அதனால்தான் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் போனது என்று எழுதியிருக்கிறார். யாரோ ஒருவர் அரைகுறையாகச் சுட்டதற்கு ஊர் ஊராக விலை கொடுத்தார்கள்.

சட்டத்தையும் மாணவனிடம் சொன்னேன். உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்தாலும் சரி, பழுது பார்த்தாலும் சரி, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரைகூடப் போகும். மாமாவோடு பட்டறைக்காரனும் உள்ளே போவான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, மாமாவை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டுப் போனால் அது நியாயமில்லை. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் ராகி விளையும் நேரத்தில் யானையும் பன்றியும் ஒரே ராத்திரியில் வெள்ளாமையை முடித்துவிடும். காட்டுப்பன்றியை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு முடிவெடுத்தது. அதுவும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டினால்தான். காட்டை ஒட்டியே நிலம் வைத்திருப்பவனுக்கு அதில் என்ன இருக்கிறது? அவனுக்கு வேண்டியது உறுதியான வேலி, அலையவிடாத இழப்பீடு, கூப்பிட்டால் வரும் காவல் குழு. இதைக் கேட்க நாம் அவனோடு நிற்க வேண்டும். துப்பாக்கியைக் கீழே வை என்று சொல்லும் தகுதி அப்போதுதான் நமக்கு வரும்.

மாணவன் குழாயைத் தொடவில்லை. மாமாவோடு கிராம சபைக்கு மனு எழுத என் வீட்டுக்கு வருகிறான். துப்பாக்கியை ஒப்படைப்பது பற்றியும் அன்றைக்கே பேசப் போகிறோம். தாமாகக் கொண்டு வந்து கொடுத்தால் வழக்கில்லை என்று நம் மாவட்டத்தில் முன்பே அறிவித்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தா காலத்துக் குழாய் இருந்தால், தயவுசெய்து பிள்ளைகள் கையில் படுவதற்கு முன்னால் யோசியுங்கள்.