சாமைக்கு விலை வேண்டும்
மத்திய அரசின் காரிஃப் பருவ ஆதரவு விலைப் பட்டியலில் கேழ்வரகு, கம்பு, சோளம் இருக்க, சாமைக்கு இன்னும் இடமில்லை. ஜவ்வாது மலை ஊர்கள் காலியாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நாட்றம்பள்ளிக்குத் தென்கிழக்கே புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மலையாளிப் பழங்குடி ஊர்களில் சாமைதான் மானாவாரி வெள்ளாமை. அதை உமியோடு மூட்டை கட்டி, வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டு, கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் குடும்பத்தோடு இறங்குகிறார்கள். சிலர் செம்மரம் வெட்ட ஆள் சேர்க்கும் தரகர்களிடம் சிக்குகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. ஆம்பூர் காலணி ஆலைகள் வேலை தருகின்றனவே என்பார்கள். அதற்கும் மலையை விட்டு இறங்கத்தானே வேண்டும்? தில்லியை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. சத்தீஸ்கர் அரசு 2021-லேயே வரகு, சாமைக்குத் தானே விலை நிர்ணயித்தது. தருமபுரி, கிருஷ்ணகிரியில் கேழ்வரகைக் கொள்முதல் செய்து ரேஷனில் வழங்கும் தமிழக அரசுக்கு இது புது வேலையும் அல்ல. உமி நீக்கும் இயந்திரம் மலைமேலேயே ஓட வேண்டும். அரிசியாக்கி விற்றால்தான் லாபம் உழுதவன் கைக்கு வரும். சாமை மட்டும் போதாது. சிறு வனப்பொருளைச் சேகரித்து விற்கும் உரிமையை மலை மக்களுக்கு 2006 வன உரிமைச் சட்டம் தந்திருக்கிறது. அப்படிச் சேகரிக்கும், தோல் பதனிட உதவும் கடுக்காயை நம் வட்டாரத் தோல் தொழிற்சாலைகள் மலைச் சங்கங்களிடம் நேரடியாக வாங்கட்டும். சாமைக்கான கொள்முதல் விலையை அடுத்த விதைப்புக்கு முன்பே மாநில அரசு அறிவிக்க வேண்டும். அறுவடைக்குப் பின் வரும் அறிவிப்பு வியாபாரிக்கே பயன்படும்.