நிலக்கரி ஊர் எழுதும் கணக்கு



"வடதுருவத்திலே வாத்தையும் மானையும் எண்ணிக்கொண்டிருக்கிறார்களாம்! பாடுபட்டுப் பிழைப்பவனுக்கு அதனால் என்ன பயன்?" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. அவர்களுக்கு ஓர் ஊரின் வரலாற்றைச் சொல்வோம்.

நார்வேயின் ஆளுகையிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளில் இருக்கிறது நீ-ஓலெசுண்ட் என்னும் சிற்றூர். இன்று பல நாடுகளின் ஆராய்ச்சி நிலையங்கள் அங்கே உள்ளன. இந்தியாவின் 'ஹிமாத்ரி' நிலையமும் 2008 முதல் அங்கேதான் இயங்குகிறது. ஆனால், அந்த ஊரை எழுப்பியவன் விஞ்ஞானி அல்லன், சுரங்கத் தொழிலாளி!

அங்கே அரசுக்குச் சொந்தமான நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. 1962 நவம்பர் 5 அன்று அது வெடித்தது. 21 தொழிலாளர் மாண்டனர். விசாரணை நடந்தது, பாதுகாப்புக் குறைகள் அம்பலமாயின. 1963 ஆகஸ்டில் நார்வே நாடாளுமன்றம் அரசையே கவிழ்த்தது. எந்த அரசை? தொழிலாளர் கட்சியின் அரசை! தொழிலாளர் பெயரால் ஆண்டவர்களும் தொழிலாளர் உயிருக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. சுரங்கம் மூடப்பட்டது, பின்னர் ஆராய்ச்சி வந்தது.

அந்த ஆராய்ச்சியும் உழைப்புத்தான். அக்டோபர் இறுதியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுப்பகுதிக்குப் பின்னரே தலைகாட்டும். அந்த நெடிய இருளில் ஒரு சிலரே ஊரைக் காக்கின்றனர். மின்நிலையத்தை ஓட்டுபவரும், சமைப்பவரும், பழுதுபார்ப்பவரும் இல்லையேல் ஆராய்ச்சி ஏது?

கோடையில் இரவே கிடையாது. அப்போது நூற்றுக்கு மேற்பட்டோர் கூடுகின்றனர். ஊரெல்லையைத் தாண்டுவோர் பனிக்கரடிக்கு அஞ்சித் துப்பாக்கி ஏந்திச் செல்கின்றனர். பிரிட்டனில் குளிர்காலத்தைக் கழித்து வரும் காட்டு வாத்துகள், இறகுதிர்த்துப் பறக்க முடியாதிருக்கும் சில வாரங்களில், அவற்றை வளைத்துப் பிடித்துக் காலில் அடையாள வளையமிடுகின்றனர். மறு ஆண்டு எது திரும்பியது, எது திரும்பவில்லை என்று குறித்துவைக்கின்றனர்.

மான்களின் கதை இன்னும் கொடிது. குளிர்காலத்தில் பனிக்குப் பதில் மழை பெய்தால், அந்த நீர் தரையில் உறைந்து இறுகிவிடுகிறது. அடியிலே தீனி இருக்கும்; குளம்புக்கு எட்டாது! 1993-94 குளிர்காலத்தில் இப்படித்தான் அங்குள்ள மான் மந்தை சரிந்தது. ஆண்டுதோறும் எண்ணியவர்கள் இருந்ததால் உலகம் அதை அறிந்தது. எண்ணாமல் விட்ட ஓராண்டை, எத்தனை கோடி கொடுத்தாலும் பிறகு மீட்க முடியாது!

ஊருக்கு மேலே செப்பலின் மலையில் காற்றையும் அளக்கின்றனர். இயந்திரத் தொழில் பெருகுமுன் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. எதனால்? நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்ததால்! 1979 முதல் வடதுருவப் பகுதி, உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடேறி வருகிறது.

குற்றம் நிலக்கரி வெட்டியவன்மீதா? அல்ல! அவன் கூலிக்கு உழைத்தான். சிலர் உயிரையும் கொடுத்தனர். எரித்து இலாபம் குவித்தவர்களும், கணக்கு கைக்கு வந்தபின்னும் கண்ணை மூடிக்கொள்ளும் அரசுகளுமே பதில் சொல்லியாக வேண்டும். மாற்று வேலைக்கு வழி செய்யாமல் சுரங்கத் தொழிலாளியைத் தெருவில் விடுவதும் பதிலாகாது.

21 உயிருக்காக ஓர் அரசு அன்று வீழ்ந்தது. அதே மண்ணிலிருந்து இன்று உலகுக்கே எச்சரிக்கை வருகிறது. வாத்தை எண்ணுவது வீண்வேலை என்போரே, சாட்சியைக் கலைத்துவிட்டு வழக்கை எப்படி நடத்துவீர்?

கணக்கெழுதும் கைகளைக் காப்போம்! அந்தக் கணக்கைக் காட்டி ஆள்வோரைக் கேட்போம்!